ஊசி போட்டால் சோறு போட வேண்டும்

என் மகளுக்கு,

உன் நலத்தை விசாரிக்க முடியாது. நீ இன்னும் பிறக்கவில்லை. என் நலத்தைச் சொல்கிறேன். எனக்குப் பதினைந்து வயது. ஐந்தாம் பாரம் படிக்கிறேன். சித்தூர் ஜில்லா பாகாலாவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். நாளைக் காலையில் என் வீட்டார் எனக்கு ஊசி போட்டு, பட்டினி போட்டு, என்மேல் சாமி வரவைக்கப் போகிறார்கள். அதில் நான் செத்துப்போனாலும் போகலாம். அதனால், வளர்ந்த பெண்ணுக்குத் தாய் எழுதவேண்டிய கடிதத்தை முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். எனக்குக் கல்யாணம் ஆகாது, ஆனாலும் பிள்ளை தங்காது என்று அத்தை ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் சொன்னாள் என்பதற்காகவே உன்னைப் பெறவேண்டும் போலிருக்கிறது. நீ மகளாக இல்லாமல் மகனாகப் பிறந்துவிட்டாலும் இதைப் படி. பசி எல்லாருக்கும் ஒன்றுதான். எல்லாரும் தூங்கிய பிறகு, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நைனாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) பழைய கைவிளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் என் நோய். சக்கரை வியாதி. அது பெரியவர்களுக்கு வருவது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பதினோரு வயதில் வந்தது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தும் நாக்கு ஒட்டிக்கொண்டது. எவ்வளவு சாப்பிட்டாலும் எலும்பு தெரிந்தது. கொல்லையில் நான் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்தது. "இன்னாடி இது, வெல்லமா துன்னே?" என்று அம்மா சிரித்தாள். நான் மயங்கி விழுந்த அன்றைக்கு அந்தச் சிரிப்பு நின்றது. நைனாவுக்கு ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன் வேலை, வண்டிகளைத் தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை. என்னைத் தோளில் போட்டுக்கொண்டு காட்பாடி வண்டியில் ஏறி வேலூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவருக்கு ரயில் பாஸ் இல்லாவிட்டால் இந்தக் கடிதம் இல்லை. அன்றிலிருந்து காலையில் ஒரு ஊசி, சாயங்காலம் ஒரு ஊசி. ஊசியைக் கொதிக்கவைப்பது அம்மா, போடுவது நைனா. மருந்துக் குப்பி சூடேறாமல் இருக்க, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஈர மணல் போட்ட சட்டியில் கிடக்கும். காலையில் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, என் சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டுக் கொதிக்கவைப்பேன். நீலமாகவே இருந்தால் நல்ல நாள். பச்சை, மஞ்சள், அப்புறம் செங்கல் நிறம். செங்கல் நிறம் வந்த நாளில் வீட்டில் எல்லாரும் என்னைத் திருடியைப் போலப் பார்ப்பார்கள். சில நாள் நான் திருடித் தின்றதும் உண்டு. உன்னிடம் மறைக்க மாட்டேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு எறும்பு என்று பேர். "எறும்பு வருது, டிபன் பாக்ஸ மூடுங்கடி" என்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். அப்படிச் சிரித்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

நான்கு வருஷமாக எல்லாரும் என்னைப் புகழ்கிறார்கள். அந்தப் புகழ்ச்சிதான் எனக்கு ஊசியைவிட வலிக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டம்மா தெலுங்குக்காரி. நான் ஊசி போட்டுக்கொள்வதை ஒருநாள் பார்த்துவிட்டு, "எந்த ஓபிக தல்லி நீக்கு!" என்று கன்னத்தைத் தடவினாள். எவ்வளவு பொறுமை என்று. அம்மா உடனே, "அழவே மாட்டாளுங்க. இன்னா பண்ணாலும் வாயத் தொறக்காது எம் பொண்ணு" என்றாள். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. பொறுமை, தைரியம் என்று இவர்கள் சொல்வதெல்லாம் சத்தம் போடாமல் இருப்பதைத்தான் என்று எனக்கு அப்போது புரியவில்லை. பேரை வாங்கிக்கொண்டேன். வாங்கிய பேரைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டேன். நோய்க்காரப் பிள்ளையை நல்ல பிள்ளை என்று சொல்லிச் சொல்லியே அதன் வாயைத் தைத்துவிடலாம் என்பதை நீ தெரிந்துவைத்துக்கொள். உனக்கு ஒரு நோய் வந்தால் நான் உன்னைப் பொறுமைசாலி என்று சொல்ல மாட்டேன். வலித்தால் கத்து. பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்குக் கேட்கிற மாதிரி கத்து. நீ என் மேலேயே கத்தினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

வேலூர் டாக்டரம்மா எங்களை அனுப்பும்போது இரண்டு விஷயம் சொன்னார்கள். ஊசி போட்ட அரைமணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். எப்போதாவது உடம்பு நடுங்கி வேர்த்துக்கொட்டினால், மருந்து அதிகமாக வேலை செய்கிறது என்று அர்த்தம். உடனே சக்கரையோ வெல்லமோ கொடுக்க வேண்டும். நைனா தலையை ஆட்டிவிட்டு, வண்டியில் வரும்போது என்னிடம், "சக்கர வியாதிக்குச் சக்கரையே குடுக்கறதா? டாக்டரம்மா வேற யாருக்கோ சொல்ல வேண்டியத எனக்குச் சொல்லிட்டாங்க போல" என்று சிரித்தார். அம்மாவிடம் அதைச் சொல்லவே இல்லை. வேளை தவறாமல் சாப்பாடு போட்டதால் நான்கு வருஷத்தில் பெரிய நடுக்கம் ஒன்றும் வரவில்லை, அவருக்கும் மறந்துபோயிற்று. அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்து நானும் கேட்டேன். நானும் மறந்தேன். உன் நோயைப் பற்றி டாக்டர் சொல்வதை நீயே காது கொடுத்துக் கேள், நீயே எழுதிவைத்துக்கொள். நைனாவை நம்பாதே, என்னையும் நம்பாதே.

இந்த வருஷம் புரட்டாசியில் அத்தை புத்தூரிலிருந்து வந்தாள். நைனாவுக்கு அக்கா. நைனா அவள் முன்னால் உட்காரவே மாட்டார். "சனிக்கிழம விரதம் இருந்து, நாமம் போட்டுக்கினு, ஏழு வீட்ல கோவிந்தா சொல்லி அரிசி வாங்கிப் பொங்கி ஏழுமலையானுக்குத் தளிகை போடட்டும். நோவு எங்க போவுதுன்னு பாரு" என்றாள். எனக்கும் ஆசைதான். நோய் போகும் என்றால் எழுபது வீட்டுக்கும் போயிருப்பேன். அம்மாதான் தயங்கினாள். "ஊசி கீதே, அக்கா. விரதத்தில மருந்து ஆவுமா?" அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஊசி வாயால போவலியே. வாயால எதுவும் போவாத வரைக்கும் விரதம் கெடாது" என்றாள். எல்லாருக்கும் நிம்மதி. எனக்கும்தான். சாமிக்கும் குறையில்லை, டாக்டருக்கும் குறையில்லை என்று நைனா சிரித்துக்கொண்டே வழக்கம்போல் ஊசியைப் போட்டார். சோறு மட்டும் போடவில்லை.

ஐந்தாவது வீட்டில் என் கையிலிருந்த பித்தளைச் சொம்பு ஆட ஆரம்பித்தது. உள்ளே இருந்த அரிசி சலசலவென்றது. வேர்வையில் நெற்றி நாமம் மூக்கில் வழிந்தது. எதிரே நின்ற அம்மாள் இரண்டு பேராகத் தெரிந்தாள். எனக்குக் காரணமில்லாமல் கோபம் வந்தது, ஏதோ கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. "கோவிந்தா! வந்துட்டாரு!" என்று அத்தை கூவியது மட்டும் கேட்டது. கற்பூரம் கொளுத்தினார்கள். காலில் விழுந்தார்கள். என்னை எறும்பு என்று கூப்பிடுகிறவளின் அம்மாவும் விழுந்தாள். பிறகு அத்தை தீர்த்தம் என்று பானகம் கொடுத்தாள். வெல்லத் தண்ணீர்! பத்து நிமிஷத்தில் உலகம் திரும்ப வந்தது. "பாத்தியா, தீர்த்தம் குடுத்ததும் மலையேறிட்டாரு" என்றாள். டாக்டரம்மா சொன்னது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் ஞாபகம் வந்தது. அம்மாவைத் தனியாக இழுத்துப்போய்ச் சொன்னேன். "போடி, சக்கர துன்னாதேன்னு சொன்னவங்க சக்கர குடுன்னா சொல்லுவாங்க? சாமி விஷயத்தில வெளையாடாதே" என்றாள். எங்கள் பேச்சு காதில் விழுகிற தூரத்தில் நின்ற நைனாவைப் பார்த்தேன். அவருக்கு ஞாபகம் இருந்தது. முகத்தில் தெரிந்தது. அத்தை பக்கத்தில் நின்றதால் செருப்பை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார். என் மகளே, நான் அத்தையை மன்னித்தாலும் மன்னிப்பேன், அந்தச் செருப்புச் சத்தத்தை மன்னிக்க மாட்டேன்.

இரண்டாவது சனிக்கிழமை வாசலில் கூட்டம். என் முன்னால் வாழைப்பழமும் தேங்காயும் குவிந்தன. பசித்த வாய்க்கு ஒரு முழ தூரத்தில் பழம். எடுக்கக்கூடாது, விரதம். நடுக்கம் வந்ததும் எல்லாரும் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். காணாமல் போன எருமை, வராத மாப்பிள்ளை. ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்தும் எங்கள் ஜில்லா யாருக்கு என்ற வழக்கு தீரவில்லை. கூட்ஸ் ஆபீஸ் கிளார்க் ஒருவர் கைகட்டி நின்று, "சாமீ, இந்த எல்லைப் பேச்சு எப்பத்தான் முடியும்? சித்தூரு மெட்ராசுக்கா, ஆந்திராவுக்கா?" என்று கேட்டார். நான் ஏதோ உளறினேன். மெட்ராஸ் என்றேனாம். இல்லை, ஆந்திராதான் என்று தெலுங்குக்காரர்கள். "காது செவுடாய்யா ஒனக்கு?" "நீக்கே செவுடு!" என் தலைக்கு மேலே இரண்டு ராஜ்யத்தாரும் சண்டை போட, கீழே நான் நாக்கைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பானகச் சொம்பு அத்தையின் இடுப்பில் இருந்தது. "இரு, இன்னும் நாலு பேரு கேக்கணும். இப்ப குடுத்தா மலையேறிடுவாரு" என்றாள். நான் சாகாமல் பிழைத்தது அந்தச் சொம்பு சண்டைத் தள்ளுமுள்ளில் சரிந்து கொஞ்சம் என் வாயில் விழுந்ததால்தான்.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன். அதற்கு அப்புறமும் நான் வாயைத் திறக்கவில்லை. பயம் பாதி. மீதிப் பாதி என்ன தெரியுமா? எனக்குப் பிடித்திருந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் யாரும் எறும்பு என்று கூப்பிடவில்லை. பெஞ்சில் எனக்கு நடுவில் இடம் விட்டார்கள். நோய்க்காரியாக நான்கு வருஷம் கிடைக்காத மரியாதை, சாமிக்காரியாக இரண்டு வாரத்தில் கிடைத்தது. அதனால் ஒரு தந்திரம் செய்தேன். மூன்றாவது சனிக்கிழமைக்கு முந்தின நாள் இரண்டு வேர்க்கடலை உருண்டை வாங்கி ஜியாமெட்ரி பாக்ஸில் ஒளித்துவைத்தேன். காலையில் ஊசி போட்டதும் கக்கூஸுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தின்றேன். அந்த நாற்றத்தில் உட்கார்ந்து தின்றேன். எந்தப் பிள்ளைக்கும் அப்படி ஒரு சாப்பாடு வேண்டாம். பிறகு வந்து, தெம்போடு, பொய்யாக ஆடினேன்.

அன்றைக்குத்தான் பாலசமுத்திரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நிலத்தில் உழைத்துக் கறுத்த கை. இடுப்பில் ஏழு வயதுப் பெண் குழந்தை, ஆனால் நான்கு வயது எடைகூட இல்லை. "சாமீ, ராவெல்லாம் தண்ணி தண்ணின்னு கேக்குது. எவ்ளோ துன்னாலும் ஒடம்பு ஒட்டல. ஒண்ணுக்குப் போன எடத்தில எறும்பு வருது. இன்னா தோஷம்?" என்றாள். குழந்தையின் உதடு வெடித்திருந்தது. நான் ஆடுவதை அது பயப்படாமல் பார்த்தது. பயப்படக்கூட அதற்கு வலுவில்லை. பதினோரு வயதில் நான் எப்படி இருந்திருப்பேன் என்று அப்போது பார்த்துக்கொண்டேன். நானாகச் சொன்னால் யார் கேட்பார்கள்? அம்மாவே கேட்கவில்லை. சாமி குரலை வைத்துக்கொண்டே கத்தினேன்: "வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. இன்னிக்கே போ. அடுத்த வண்டி ஏறு." அந்த அம்மாள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு நடந்தாள். மத்தியான வண்டியில் ஏறிவிட்டாள் என்று நைனா வந்து சொன்னார். அத்தைக்கு மட்டும் பொறுக்கவில்லை. "ஏழுமலையான் எங்கயாவது ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லுவாரா? அதுவும் இன்னொரு ராஜ்யத்து ஆஸ்பத்திரிக்கு? வேர்வயும் வரல. போன வாரம் பாவாடையே நனைஞ்சுது. இவ எதையோ துன்னுட்டு ஆடறா" என்றாள்.

இன்றைக்கு மத்தியானம் காட்பாடி போய்வந்த ரயில் கார்டு ஒருவர் சேதி கொண்டுவந்தார். குழந்தை பிழைத்துக்கொண்டதாம். ஊசி ஆரம்பித்துவிட்டார்களாம். ஆயுசுக்கும் ஊசி என்று சொன்னதும் அந்தக் குடும்பம் மிரண்டுபோயிருக்கிறது. நாளைக்கு அதன் தகப்பன் இங்கே வருகிறான். ஊசியைத் தொடரலாமா, நிறுத்திவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா என்று சாமியைக் கேட்கப்போகிறானாம். சாமி என்ன சொல்கிறதோ அதுதான் முடிவாம். அத்தை உடனே, "அப்ப நாளைக்கு நெஜமான சாமி வரணும். இன்னிக்கு ராத்திரிலேருந்து நான் இவளவிட்டு நகர மாட்டேன்" என்றாள். சாயங்கால ஊசிக்குச் சோறு போட்டார்கள். அதோடு சரி. நாளைக் காலை ஆறு மணிக்கு நைனா டியூட்டி முடிந்து வந்து ஊசி போடுவார். தகப்பன்காரன் பத்து மணி வண்டிக்கு வருவான். இடையில் நான்கு மணி நேரம். அந்த நடுக்கத்தில் என் வாய் எதையும் சொல்லும், எருமை என்று சொல்லும், மெட்ராஸ் என்று சொல்லும், நிறுத்து என்றும் சொல்லும். ஒரு குழந்தையின் உயிர் என் உளறலில் தொங்குகிறது. இத்தனை பெரியவர்கள் இருக்கிற ஊரில் யாருக்கும் இது தப்பாகத் தெரியவில்லை.

பொய்யாக ஆடி இன்னொரு முறை காப்பாற்றலாமா என்று யோசித்தேன். தின்ன வழியில்லை. வழி இருந்தாலும் எத்தனை சனிக்கிழமைக்கு? அந்தக் குழந்தைக்கு என்னைப் போலவே தினம் இரண்டு வேளை, கிழவியாகிற வரைக்கும் ஊசி. புரட்டாசி முடிந்தால் சாமி போய்விடும், நோய் போகாது. உண்மையைச் சொன்னால், பொய்ச்சாமி பேச்சைக் கேட்டோமே என்று அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவானோ என்றும் பயமாக இருக்கிறது. இரண்டு பயத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். கடைசியில் உண்மையைத்தான் சொல்லப்போகிறேன். நைனா வருவதற்கு முன்னால் ஊசியை நானே போட்டுக்கொள்வேன். நான்கு வருஷமாக அவர் கையைப் பார்த்திருக்கிறேன், எத்தனை கோடு வரைக்கும் இழுக்கவேண்டும் என்று தெரியும். ஆனால் சோறு கைக்கு வந்த பிறகுதான் ஊசி. வாசலில் எல்லாரும் பார்க்க உட்கார்ந்து சாப்பிடுவேன். அந்த ஆள் வந்ததும் மீதிச் சோற்றை அவன் எதிரிலேயே தின்றுகொண்டு, என் வாயால், எறும்பின் வாயால் சொல்வேன்: "சாமி வரலீங்க. போன வாரம் சொன்னது நான்தான். ஒங்க பொண்ணுக்கு இருக்கறதே எனக்கும் கீது. நாலு வருஷமா ஊசி போட்டுக்கினு, ஸ்கூலுக்குப் போய்க்கினு, ஒங்க எதிர்ல உக்காந்து துன்னுகினு கீறேன். என்னப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க." கேட்பானா என்று தெரியாது. அத்தை என் தலைமயிரைப் பிடிப்பாள், அது தெரியும். நைனா என்ன செய்வார் என்று தெரியாது. இந்த முறை அவர் செருப்பைத் தேடினால், கூட்டத்தின் நடுவிலேயே கேட்டுவிடுவேன், டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருக்கிறதா இல்லையா என்று.

நீ வளர்ந்து இதைப் படிக்கும்போது நான் தைரியசாலி என்று யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதே. கோபம் இல்லாவிட்டால் இந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவே மாட்டேன்.

கிழக்கே வெளுக்க ஆரம்பித்துவிட்டது. பழைய சோற்றுப் பானை சமையலறையில் இருக்கிறது. நான் உள்ளே போகாதபடி அத்தை அந்த வாசற்படிக்குக் குறுக்கே கால் நீட்டிப் படுத்துத் தூங்குகிறாள். படுத்திருக்கிற பெரியவர்களைத் தாண்டக்கூடாது, கால்மாட்டில் சுற்றிக்கொண்டு போகவேண்டும் என்று உனக்கும் யாராவது சொல்லித்தருவார்கள். நானே சொல்லித்தந்தாலும் தருவேன். அவள் தலை ஒரு சுவரில் முட்டுகிறது, கால் இன்னொரு சுவரில் முட்டுகிறது. சுற்றிப் போக இடம் இல்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டுவிட்டேன்.

தாண்டப்போகிறேன்.

உன் அம்மா